தொடரில் கதையை மாற்றினால் உங்களுக்குக் கோபம் வருமா? (சூப்பர்ஹீரோ கார்ட்டூனும் காமிக்ஸும்)

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 11.20

அக்கா மகன் தேசிய சேவையில் இருக்கிறான். இன்று சாயங்காலம் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தவன், குளித்துச் சாப்பிட்ட கையோடு "மாமா, ஏதாவது பார்க்கலாம்" என்றான். 'இன்வின்சிபிள்' கார்ட்டூன் தொடரைப் போட்டேன். நான் காமிக்ஸை முழுசாகப் படித்தவன். 2003லிருந்து 2018 வரை வந்த 144 இதழ்களையும் மூன்றே தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். நூலகத்தில் எடுத்து, எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கிப் படித்து, மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

இப்போது என் ஆதங்கம். காமிக்ஸில் முதல் ஆறு இதழ்கள் ஜாலியாகப் போகும். அப்பா உலகத்திலேயே பெரிய சூப்பர்ஹீரோ, பையனுக்கும் சக்தி வருகிறது, பறக்கக் கற்றுக்கொள்கிறான், பள்ளிக்கூடம், சிநேகிதர்கள். 7ஆம் இதழில் அந்த அப்பாவே கூட இருந்த ஹீரோக்களை எல்லாம் அடித்துக் கொல்கிறார். அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது நான் அங் மோ கியோவில் இறங்க வேண்டியவன், பீஷானில்தான் விழித்தேன். தொடரில் இதை முதல் எபிசோட் கடைசியிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்!

மருமகன் வாயைப் பிளந்து பார்த்தான். "இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது" என்று நான் முனகினேன். அதற்கு அவன், "படிச்சதையேதான் பார்க்கணும்னா திரும்பப் படிக்க வேண்டியதுதானே மாமா?" என்றான்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நெறியாளர் | வெள்ளி, இரவு 11.31

தலைப்பில் "ஸ்பாய்லர் உண்டு" என்று சேர்த்திருக்கலாம். பரவாயில்லை, இதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் எல்லார் கதையும் உடையும்.

நைட்ஷிஃப்ட் | சனி, அதிகாலை 3.05

நான் உங்கள் மருமகன் கட்சி அண்ணே.

2003ல் அந்த 7ஆம் இதழை வாங்கியவனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. 2021ல் தொடர் வந்தபோது கூகுளில் பெயரைத் தட்டினாலே "அப்பாதான் வில்லன்" என்று முதல் வரியில் வந்து நிற்கும். காப்பாற்ற முடியாத ரகசியத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, முதலிலேயே செலவழித்துவிட்டு அதற்குப் பதிலாக வேறு ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். நமக்குத் தெரியும், பையனுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அதற்கப்புறம் அந்த ஆள் சாப்பாட்டு மேசையில் சும்மா சிரித்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காமிக்ஸில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு இடம் கிடையாது. தொடரில் அவர்தான் ரத்தக் கறை படிந்த உடையைக் கண்டுபிடிக்கிறார், இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைத் துப்பறிய ஆரம்பிக்கிறார். ரகசியத்தை முன்னால் உடைத்ததால்தான் அந்த அம்மாவுக்கு வேலையே வந்தது.

இன்னொன்று. காமிக்ஸை எழுதிய ராபர்ட் கிர்க்மேனே தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவர். தான் போட்ட கோலத்தைத் தானே அழித்துப் போடுகிறார். நமக்கு என்ன வழக்கு?

கடைசி எபிசோட் பார்த்துவிட்டீர்களா? நிலத்தடி ரயில் காட்சி. மகனைப் பிடித்து, வருகிற ரயிலுக்கு முன்னால் நிறுத்துகிறார். பையன் உடம்பு இரும்பு, அவனுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் ஜனங்கள்தான்... அது காமிக்ஸில் இல்லவே இல்லை, தொடருக்கென்று சேர்த்தது. நான் அதைப் பார்த்த மறுநாள் காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போக பிளாட்பாரத்தில் நின்றேன். தடுப்புக் கதவுக் கண்ணாடியில் ரயில் விளக்கு தெரிந்ததும் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது. சத்தியமாக.

ஈசூன்காரன் | சனி, காலை 9.40

இன்னும் கடைசிக்கு வரவில்லை தம்பி, நான்கு எபிசோட்தான் முடிந்திருக்கிறது. ரயில் இல்லாத புத்தகத்தில் ரயிலா? பார்க்கிறேன்.

பழையபெட்டி | சனி, காலை 10.15

தலைப்பைப் பார்த்ததும் பேட்மேன் கதை வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் ஞாபகம்தான் வந்தது. இந்த விஷயத்துக்கு அவரைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

1959ல் பேட்மேன் காமிக்ஸில் வந்தபோது அவருக்கு மிஸ்டர் ஜீரோ என்று பெயர். உறைய வைக்கும் துப்பாக்கி, குளிர் உடை, வைரம் திருடுவார், அவ்வளவுதான். ஃப்ரீஸ் என்ற பெயரே 1966 டிவி தொடர் வைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆளைப் பற்றிக் கவலைப்பட்டவர் யாருமில்லை. 1992ல் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' வந்தது. பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்கிய ஒரே ஓர் எபிசோட், அரை மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதில் அவருக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார்கள். தீராத நோய். உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். கம்பெனி முதலாளி செலவுக் கணக்கு சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறான். அந்தத் தள்ளுமுள்ளில்தான் அவர் உடம்பு அப்படி ஆகிறது.

ஆரம்பக் காட்சியைக் கவனியுங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு நடனப் பொம்மை சுற்றிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே உணர்ச்சியே இல்லாத குரலில் பேசுவார். அந்தக் குரல் மைக்கேல் அன்சாராவுடையது. கோபமாகப் பேசியிருந்தால் சாதாரண வில்லன். வறண்டு போய்ப் பேசுவதால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே எபிசோடில் பேட்மேனுக்குச் சளி பிடித்திருக்கும். வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரட் ஃபிளாஸ்க்கில் கோழி சூப் கொடுத்து அனுப்புவார். கடைசிச் சண்டையில் அந்தச் சூடான ஃபிளாஸ்க்கால்தான் ஃப்ரீஸின் கண்ணாடித் தலைக்கவசத்தை உடைப்பார். என் அம்மா மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி என் பையில் திணிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான்.

அப்புறம் காமிக்ஸ் என்ன செய்தது? நோராவை அப்படியே எடுத்துத் தன் கதையாக வைத்துக்கொண்டது. 1997 சினிமாவிலும் அவள்தான். இப்போது சொல்லுங்கள் ஈசூன்காரரே, எது மூலம்? எது தழுவல்?

கோப்பி_ஓ_கோசோங் | சனி, காலை 10.22

எங்கள் வீட்டில் இந்த விவாதம் 2023லேயே முடிந்துவிட்டது. பாட்டியை 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப் போனோம். படம் முடிந்து விளக்கு போட்டபிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். "மணிமேகலை எங்கேடா? இன்னும் வரலையே?" அவளைப் படத்திலேயே வைக்கவில்லை பாட்டி என்று சொன்னதும், டிக்கெட் காசைத் திருப்பிக் கேள் என்றார். சேந்தன் அமுதன் ராஜாவாகவில்லை என்பதை டாக்ஸியில்தான் கவனித்தார். அதற்குத் தனியாக அரை மணி நேரம்.

மல்லிகை_பிடோக் | சனி, பகல் 12.50

பாட்டியை இந்தத் தளத்தில் உறுப்பினராக்குங்கள் 😂

ஈசூன்காரன் | சனி, பகல் 1.30

பழையபெட்டி அண்ணே, ஃப்ரீஸ் விஷயத்தில் சரண். ஆனால் அது சுலபமான உதாரணம். யாரும் சீந்தாத பாத்திரத்தை எப்படி மாற்றினாலும் கேட்க ஆளில்லை. எல்லாரும் கோயில் மாதிரி கும்பிடும் கதையை மாற்றினால்? 'எக்ஸ்-மென்' டார்க் ஃபீனிக்ஸ் கதை. 1980 காமிக்ஸில், அளவில்லாத சக்தி ஏறி ஃபீனிக்ஸாக மாறிய ஜீன் கிரே நிலாவில் தானே செத்துப் போவாள். கார்ட்டூனில் பிழைத்துக்கொள்வாள். அந்தக் கதையின் உயிரே அந்தச் சாவுதானே?

பழையபெட்டி | சனி, மாலை 4.45

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், அந்தச் சாவு எழுதியவர்கள் நினைத்த முடிவே இல்லை. கிறிஸ் கிளேர்மான்டும் ஜான் பர்னும் போட்டு வைத்திருந்த முடிவில் ஜீனின் சக்தியை மட்டும் பிடுங்கிவிடுவார்கள், அவள் சாதாரணப் பெண்ணாக வாழ்வாள். 137ஆம் இதழ் அப்படித்தான் தயாரானது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சூரியனையே விழுங்கி ஐந்நூறு கோடிப் பேர் இருந்த கிரகத்தை அழித்தவள், எதுவும் நடக்காத மாதிரி வீட்டுக்குப் போவாளா என்று கேட்டார். அதற்கப்புறம்தான் முடிவை மாற்றி அவளைச் சாகடித்தார்கள். பழைய முடிவை 1984ல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள், தேடினால் கிடைக்கும். ஆக நீங்கள் கோயில் என்று சொல்வதே கடைசி நேரத்தில் இடித்துக் கட்டியது.

இப்போது 1994 கார்ட்டூனுக்கு வருவோம். அதில் அவள் அழிக்கும் சூரியனைச் சுற்றி மனிதர் யாருமே இல்லை என்று ஒரு வசனம் வரும். சின்ன வசனம், கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆனால் மொத்தக் கணக்கும் அங்கேதான் மாறுகிறது. ஐந்நூறு கோடி உயிரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அவள் சாக வேண்டிய கட்டாயமே இல்லை. அதனால் கடைசியில் கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் உயிர்சக்தி கொடுத்து அவளை எழுப்புகிறார்கள். சனிக்கிழமை காலை குழந்தைகள் நிகழ்ச்சி, வேறு எப்படி முடிப்பது? ஆனால் ஒன்று பாராட்ட வேண்டும். முடிவை மட்டும் மாற்றி ஆரம்பத்தை அப்படியே விட்டிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள். ஒரு தூணை எடுத்தால் அடுத்த தூணையும் பார்க்க வேண்டும் என்பது தெரிந்த ஆட்கள்.

காமிக்ஸ் மட்டும் ரொம்ப யோக்கியமா? 1986ல், செத்தது ஜீனே இல்லை, அவள் உருவத்தில் இருந்த வேறு ஒரு சக்தி, உண்மையான ஜீன் ஒரு விரிகுடாவின் அடியில் கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். விலை கொடுத்த மாதிரி கொடுத்து, ஆறு வருஷத்தில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நைட்ஷிஃப்ட் | சனி, மாலை 5.10

அண்ணே, அந்த "மனிதர் யாருமே இல்லை" வசனத்தை நான் இத்தனை வருஷமாகக் கவனித்ததே இல்லை.

இதே தொடரில் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' கதையில் காலத்தில் பின்னோக்கிப் போகும் ஆளையே மாற்றினார்கள். 1981 காமிக்ஸில் கிட்டி பிரைட், கார்ட்டூனில் பிஷப்.

கோப்பி_ஓ_கோசோங் | சனி, மாலை 5.14

2014 சினிமாவில் வுல்வரின். அடுத்த முறை நான் போகிறேன்.

மல்லிகை_பிடோக் | சனி, இரவு 9.35

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், இனி நானும் வரலாம்.

எனக்கு மூலமே பிடிக்காமல் போன கதை ஒன்று உண்டு. 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூனில் வரும் டெரா. நான் தொடக்கநிலை நான்கு படிக்கும்போது கேபிளில் பார்த்தது. மண்ணையும் கல்லையும் அசைக்கும் பெண், எங்கேயும் நிலைத்து இருக்க முடியாதவள், ஸ்லேட் என்ற வில்லனிடம் சிக்கி நண்பர்களுக்கே துரோகம் செய்கிறாள். கடைசியில் எரிமலையை அடக்கி ஊரைக் காப்பாற்றப் போய்த் தானே கல்லாகிவிடுவாள். அந்தக் கல் சிலைக்குக் கீழே "டைட்டன், உண்மையான தோழி" என்று எழுதி வைப்பார்கள். நான் அழுத அழுகையில் அம்மா கேபிளையே வெட்டப் போனார்.

பெரியவளான பிறகு அந்தக் கதையின் மூலத்தை வாங்கிப் படித்தேன். 1984ல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் செய்த 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்'. அதில் டெராவுக்கு மன்னிப்பே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே ஒற்றர், கடைசி வரைக்கும் வெறுப்பு, தன் கோபத்தில் தானே பாறைக்கு அடியில் சாகிறாள். பெரிய ஆள் ஒருவன் பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணைப் பயன்படுத்திக்கொள்கிற விஷயம் வேறு. அதைக் கதை அவள் குற்றமாகவே பார்க்கிறது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. துரோகத்தை முதலிலேயே முடிவு செய்து வைத்து, வாசகரை ஏமாற்றவே அவளை உருவாக்கினார்கள். அந்த வித்தையை மதிக்கிறேன். ஆனால் எனக்குக் கார்ட்டூன் டெராதான் டெரா.

அதோடு விட்டிருந்தால் "குழந்தைகளுக்காக இனிப்பு தடவினார்கள்" என்று நீங்கள் சொல்லலாம். 2006ல் வந்த கடைசி எபிசோட் பார்த்தீர்களா? அவள் கூட்டாளி பீஸ்ட் பாய் அவளை மாதிரியே ஒரு பெண்ணைப் பள்ளிச் சீருடையில் பார்க்கிறான். பின்னாலேயே போகிறான், பழைய இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போகிறான். நான் ஹீரோ இல்லை, அடுத்த பீரியட் ஜியாமெட்ரி டெஸ்ட், இன்னும் படிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விடுகிறாள். அவள்தானா இல்லையா என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள். இப்போது நான் பாடம் நடத்தும் வகுப்பில் யாராவது "டீச்சர், டெஸ்டா? படிக்கவே இல்லை" என்றால் எனக்கு ஒரு நொடி அந்தப் பெண் ஞாபகம். திட்ட மனசு வராது. (திட்டுவேன்.)

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 8.20

ராத்திரி இதையெல்லாம் இரண்டு முறை படித்தேன். மாற்றியதற்காக எனக்குக் கோபம் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கதையில் ஒருவர் கொடுக்க வேண்டிய விலையைக் குறைத்தால்தான் கோபம் வருகிறது. ஃபீனிக்ஸில் விலையைக் குறைத்தார்கள். ஃப்ரீஸுக்குக் கூட்டினார்கள். நைட்ஷிஃப்ட் தம்பி சொல்லும் ரயிலும் விலையைக் கூட்டுவதுதான்.

மல்லிகை_பிடோக் | ஞாயிறு, காலை 9.02

டெராவுக்குக் குறைத்தார்களே? எனக்கு அதுதானே பிடித்தது? உங்கள் தராசு என் வீட்டில் வேலை செய்யாது அண்ணா.

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 9.06

அதுதான் இடிக்கிறது. யோசிக்கிறேன்.

கோப்பி_ஓ_கோசோங் | ஞாயிறு, காலை 11.00

நீங்கள் எல்லாரும் எழுத்தாளர் எழுத்தாளர் என்கிறீர்கள். பாதி மாற்றம் சேனல்காரன் பயத்தில் வருவது. 1994 'ஸ்பைடர்-மேன்' தொடரைப் பாருங்கள். ஆள் ஓங்கிக் குத்தவே மாட்டார். போலீஸ்காரர் துப்பாக்கியைத் தட்டினால் லேசர் வரும். உச்சக்கட்டம் மோர்பியஸ். காமிக்ஸில் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிற ஆள். கார்ட்டூனில் பல்லுக்கு வேலை கிடையாது, உள்ளங்கையில் உறிஞ்சு வாய் வைத்து "பிளாஸ்மா" எடுப்பார். கடிப்பது குழந்தைகளுக்குப் பயமாக இருக்குமாம்! எனக்கு அந்தக் கையைப் பார்த்துத்தான் ஒரு மாதம் தூக்கம் வரவில்லை. பஸ்ஸில் யார் கைப்பிடியை நீட்டிப் பிடித்தாலும் உள்ளங்கையைப் பார்ப்பேன்.

பழையபெட்டி | ஞாயிறு, பகல் 2.15

கோப்பி சொல்வது சரி, அதைப் பெரிய கலை என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனாலும் தடை இருந்ததால்தான் அந்தக் கை பிறந்தது, அது கடியைவிடப் பயங்கரம். சில சமயம் அப்படியும் வாய்க்கும்.

ஃப்ரீஸ் பற்றி ஒன்று விட்டுப் போச்சு. 2012ல் காமிக்ஸ்காரர்களே நோராவை மாற்றினார்கள். அவள் அவர் மனைவியே இல்லையாம். 1940களில் பிறந்து உறைய வைக்கப்பட்ட யாரோ ஒரு நோயாளி, இவராக மனைவி என்று கற்பனை செய்துகொண்டு பின்னால் சுற்றுகிறாராம். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கார்ட்டூனிலிருந்து கடன் வாங்கிய பெண்ணைக் காமிக்ஸ் மாற்றியபோது, "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று கத்தியது யார் தெரியுமா? என்னை மாதிரி கார்ட்டூன் பார்த்தவர்கள்தான். ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின்னும் அப்படிக் கார்ட்டூனில் பிறந்து காமிக்ஸுக்குப் போனவள்தான். அவளை ஆளாளுக்கு மாற்றுகிறார்கள், எனக்குக் கணக்கு வைக்கத் தெம்பில்லை.

நைட்ஷிஃப்ட் | திங்கள், அதிகாலை 4.20

இடைவேளையில் எழுதுகிறேன். ஈசூன் அண்ணன் தராசுக்கு ஒரு படிக்கல் போட்டுவிட்டுப் போகிறேன்.

அந்தப் பழைய கார்ட்டூனின் தொடர்ச்சியான 'எக்ஸ்-மென் '97', ஐந்தாவது எபிசோட், 2024 ஏப்ரல். மியூட்டன்ட்கள் வாழும் தீவு நாடான ஜெனோஷாவின் அழிவு. 2001 காமிக்ஸில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் சாவார்கள், ஆனால் எண்ணிக்கையாகத்தான் மனதில் நிற்கும். தொடரில் என்ன செய்தார்கள்? முதல் பாதி முழுக்கக் கொண்டாட்டம். ரோக்கும் மேக்னீட்டோவும் காற்றில் மிதந்து ஆடுகிறார்கள், ரோக்கை நேசிக்கும் காம்பிட் ஓரமாக நின்று பார்க்கிறான். அப்புறம் சென்டினல் என்ற கொலைகார ரோபோ வருகிறது. காமிக்ஸில் அந்தச் சம்பவத்தில் சாகாத காம்பிட்டை இங்கே சாகடித்தார்கள். ரோக் யாரையும் வெறுங்கையால் தொட முடியாதவள், தொட்டால் அவர்கள் சக்தியை உறிஞ்சிவிடும். அத்தனை வருஷம் ஆசைப்பட்டவனை இப்போது கையுறை இல்லாமல் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உன்னை உணர முடியவில்லையே என்கிறாள்.

கோடி என்பதை ஒரு ஆளாகச் சுருக்கினார்கள். இது விலையைக் கூட்டியதா, குறைத்ததா? எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் வருகிறார்.

மல்லிகை_பிடோக் | திங்கள், காலை 6.40

பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் இதைப் படித்திருக்கக் கூடாது.

ஈசூன்காரன் | திங்கள், இரவு 10.10

நேற்று மருமகன் முகாமுக்குத் திரும்புவதற்கு முன் மீதி நான்கையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தோம். ரயில் காட்சி வந்தபோது அவன் கையில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து "என்னடா சத்தம் அது" என்று எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்த முகத்தோடு உள்ளே போய்விட்டார். மல்லிகைக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் நைட்ஷிஃப்ட் தம்பியின் கட்சிக்குப் பாதி மாறிவிட்டேன்.

கிளம்பும்போது, என்னிடம் இருக்கும் முதல் தொகுப்பைக் கேட்டு வாங்கிப் பையில் திணித்துக்கொண்டான். இன்று ராத்திரி முகாமிலிருந்து மெசேஜ்: "12ஆம் இதழ் முடிச்சிட்டேன். மாமா, இதுல ரயிலே இல்லையே? ஏன் எடுத்துட்டாங்க?"

கோப்பி_ஓ_கோசோங் | திங்கள், இரவு 10.12

பாட்டியிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்ளட்டும்.